ஸ்லோ நிற்காத வண்டி

மறுபடியும் நின்றுவிட்டது. மிதித்துக்கொண்டிருக்கும்வரை ஒரு குறையும் தெரியாது, காலை எடுத்த மறுகணம் இரண்டு தரம் விக்கும், உடம்பை ஒரு குலுக்குக் குலுக்கும், அடங்கிப்போகும். வெள்ளியங்கிரி ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். எட்டரை மணி வெயில் போர்டிகோவுக்குள் பாதி வந்திருந்தது. பட்டறைக்காரர்கள் இதை ‘ஸ்லோ நிக்கல’ என்பார்கள். யாரும் மிதிக்காமல், யாரும் தாங்கிப் பிடிக்காமல், இஞ்சின் தன்பாட்டுக்கு மெல்ல ஓடிக்கொண்டு நிற்க வேண்டும், அதற்குப் பெயர் ஸ்லோ. பாலிடெக்னிக்கின் ஆட்டோமொபைல் லேபில் இருபத்தாறு வருஷம் இதைத்தான் சொல்லிக்கொடுத்தார், போன வருஷம்தான் மாலை போட்டு அனுப்பிவைத்தார்கள். ஊர் வண்டிக்கெல்லாம் ஸ்லோ வைத்துக் கொடுத்தவருடைய பழைய பியட்டுக்கு ஸ்லோ நிற்கவில்லை என்றால் சிரிக்கத்தான் தோன்றும், மயிலாத்தாள் இருந்திருந்தால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பாள். அவர் மனைவி. போன மாதம் பதினோராம் தேதி, சனிக்கிழமை காலையில், இதே வண்டியின் பின்சீட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருந்தாள், ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் வண்டி மூன்று இடத்தில் நின்றது. சிக்னலில் ஒன்று, ரயில்வே கேட்டில் ஒன்று, ஆஸ்பத்திரி வாசலுக்கு நூறடி இருக்கும்போது ஒன்று. மத்தியானம் மூன்று மணிக்கு அவள் இல்லை. அதற்குப் பதின்மூன்று நாள் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டியவர் அவரேதான். அவருடைய கைப்பிசகா, இருபத்தெட்டு வயசான வண்டியின் தலைவிதியா? கைப்பிசகு என்றால் அவளைக் கொன்றது அவர். இது ஒன்று தெரிந்தாக வேண்டும், மற்றது எதுவும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. மகள் சுகந்தி ஒரு மாதமாகக் கூடவே இருந்துவிட்டு இன்றைக்குக் கரூர் திரும்புகிறாள், பன்னிரண்டு மணிக்கு மாப்பிள்ளை வந்து கூட்டிப்போகிறார், நீங்களும் வாங்கப்பா, தனியா எப்படி விட்டுட்டுப் போவேன் என்று அழுதுகூடப் பார்த்துவிட்டாள். வண்டி சரியாகட்டும் கண்ணு, வர்றேன் என்று சொல்லியிருக்கிறார்.

இறங்கி வந்து பானெட்டுக்குள் குனிந்தார். எதை விட்டுவைத்திருக்கிறார்? ப்ளக் நான்கையும் மாற்றியாயிற்று. பாயிண்ட் இடைவெளி அளந்தாயிற்று, ஒரு தரம் இல்லை, ஒன்பது தரம். ஸ்லோ ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்து, அந்த ஊசித் துளை வழியாக மாமரத்து இலை ஒன்றைப் பார்த்தார், அவ்வளவு சுத்தம். மிதவை மட்டம் சரி. டைமிங் சரி. டேப்பெட் சரி. எல்லாம் சரி, வண்டி மட்டும் நிற்கும். எல்லாம் சரியாத்தான் இருக்குதுங்க, ஆனா நெஞ்சு திடீர்னு படபடன்னு அடிச்சுட்டு ஒரு அடி நின்னு போற மாதிரி இருக்குது என்று மயிலு சொன்னது கார்த்திகையிலா, தை பிறந்த பிறகா? அவர் அப்போது கையில் இதே ரப்பர் குழாயை வைத்திருந்தார், ஒரு முழ நீளம், ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை இஞ்சினில் ஓட்டிக்கொண்டே போனால் காற்று எங்கே உள்ளே இழுக்கிறது என்பது உஸ்ஸென்று கேட்கும். எனக்கும் வெச்சுப் பாருங்க என்றாள் விளையாட்டுக்கு. அவரும் விளையாட்டுக்கு வைத்துப் பார்த்தார். அவளுடைய சேலை உரசுகிற சத்தம்தான் கேட்டது, வேறொன்றும் கேட்கவில்லை, ஆனாலும் காதைச் சாய்த்துக்கொண்டு லேப் பையன்களிடம் சொல்கிற குரலில், ‘ஸ்லோ கிண்ணுனு நிக்குது, பயப்படாத’ என்றார். அவள் நம்பினாளோ என்னவோ. அவர் சொன்னால் நம்புகிற பழக்கம் அவளுக்கு முப்பத்திரண்டு வருஷப் பழக்கம். பிறகு பக்கத்து வீட்டு அம்மாவோடு தானே பஸ் ஏறிப் போய் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வந்தாள், அவரைக் கூப்பிடவில்லை, கூப்பிட்டிருந்தால் போயிருப்பாரா என்று இப்போது கேட்டுப் பார்த்தால் போயிருப்பார் என்றுதான் மனசு சொல்கிறது, மனசுக்கென்ன, வாய்க்கு வந்ததைச் சொல்லும். புதன்கிழமை பெரிய டாக்டர் பார்க்கிறாராம், நெஞ்சுக்கு என்னவோ படம் எடுக்கணுமாம், அட்டையில் எழுதிக் கொடுத்திருக்குதுங்க, தேதியைப் பார்த்து வெச்சுக்குங்க என்றாள் வந்ததும் வராததுமாக. ம் என்றார். தலையைத் தூக்காமல் சொன்ன ம். அன்றைக்கும் அவர் இந்த வண்டிக்குள்தான் குனிந்திருந்தார்.

அப்புறம் அந்த அட்டையைக் காணோம். திங்கட்கிழமை முழுக்கத் தேடினாள், செவ்வாய்க்கிழமை பீரோவைக் கவிழ்த்துத் தேடினாள், அரிசிப் பானைக்குள்கூடக் கையை விட்டுத் துழாவினாள். அதே திங்கட்கிழமை அவர் ஸ்லோ ஸ்க்ரூவை ஒன்றரைச் சுற்று ஏற்றி வைத்தார், ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை அத்தனை பாடுபட்டு மாட்டிய பிறகு வண்டி இன்னும் மோசமாக நின்றது. ஸ்க்ரூவை ஏற்றினால் இஞ்சின் தேவைக்கு மேல் வேகமாக ஓடும், நோய் அப்படியே உள்ளே இருக்கும், வெளியே தெரியாது. இதைச் செய்கிற பையன் எவனாக இருந்தாலும் லேபில் காதைத் திருகியிருப்பார். ஊருக்குத்தான் உபதேசம். ஏற்றி வைத்துவிட்டு உள்ளே போனால் நடு வீட்டில் துணியெல்லாம் குவிந்து கிடக்கிறது, நடுவில் மயிலு உட்கார்ந்திருக்கிறாள். ‘மேசை மேலதானுங்க வெச்சேன்’ என்றாள். ‘வெச்சிருந்தா எங்க போகும், காலு மொளச்சா போச்சு?’ என்றார். ‘ஒரு சாமானை வெச்ச எடத்துல வெக்கத் தெரியாது உனக்கு.’ அவளுக்கு மறதி இருந்தது உண்மைதான், கண்ணாடியைத் தலைமேல் வைத்துக்கொண்டே கண்ணாடியைத் தேடுவாள், அதனால் அந்தப் பேச்சு சரியாகப் போய் உட்கார்ந்துகொண்டது. அட்டை இல்லாமல் போனால் சீட்டுக் கொடுக்கிற பெண் எல்லார் முன்னாலும் வைவாள் என்று பயந்தாள், அடுத்த வாரம் தேடி எடுத்துக்கிட்டுப் போய்க்கறேனுங்க என்றாள். அடுத்த புதனுக்கும் அட்டை கிடைக்கவில்லை, அந்தச் சனிக்கிழமை அட்டை இல்லாமலேதான் ஆஸ்பத்திரி போனாள். முன்னாடியே ஏன் காட்டலை என்று அந்த இளவயசு டாக்டர் கேட்டபோது, ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ‘புதன்கிழமை வரச் சொல்லியிருந்தாங்க சார், இவதான் அட்டையத் தொலைச்சுட்டா’ என்றார். இதைச் சொல்லியிருக்க வேண்டாம். யார் கேட்டார்கள் அதை? அவள் கண்ணை மூடித்தான் இருந்தாள், தூங்குகிறாள் என்று நினைத்தார், ஆனால் அவள் கண்ணைத் திறந்து, மூக்கு வாய்க்கு மேல் இருந்த மூடியை ஒரு விரலால் நெம்பி, அவரைப் பார்க்காமல் டாக்டரைப் பார்த்து, ‘எங்க வெச்சனோ தெரீலீங்க’ என்றாள். அதுதான் கடைசி. முப்பத்திரண்டு வருஷம் அவரோடு பேசியவள் கடைசியில் ஒரு அட்டைக்காக யாரோ ஒரு டாக்டரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனாள். பத்து நிமிஷம் முன்னால வந்திருந்தாலும் பெருசா ஒண்ணும் மாறியிருக்காதுங்க என்று அதே டாக்டர் பிறகு அவர் தோளைத் தொட்டுச் சொன்னார், அந்த வார்த்தையை அவர் ஒரு மாதமாகக் கைப்பிள்ளை போலத் தூக்கிக்கொண்டு திரிகிறார். இரக்கத்தில் சொன்னதாகவும் இருக்கலாம். உள்ளேயிருந்து சுகந்தி, ‘அப்பா, இட்லி ஆறுதுங்கப்பா’ என்றாள். ‘ரெண்டே நிமிஷம் சாமி’ என்று குரல் கொடுத்தார், கொடுத்தபிறகுதான் இதே வார்த்தையை அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று தரம் சொன்னது ஞாபகம் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையை இன்னொரு தரம் முதலிலிருந்து ஓட்டிப் பார்க்க வேண்டும். காலையில் கார்புரேட்டரைக் கழற்றினார். பெட்ரோலில் கழுவினார். ஜெட்டுகளை வாயால் ஊதினார், பெட்ரோல் நெடி மத்தியானம்வரை நாக்கில் இருந்தது. பழைய பேக்கிங் பிய்ந்து வந்தது, கார்புரேட்டர் இஞ்சின்மேல் உட்காருகிற இடத்தில் நடுவே வைக்கிற அட்டை, அது இல்லாவிட்டால் இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே காற்று நுழைந்துவிடும், ஸ்லோ நிற்காது. ஞாயிற்றுக்கிழமை, கடை இல்லை. கடை இல்லாவிட்டால் என்ன, பேக்கிங் வெட்டத் தெரியாதவனா வாத்தியார்? கெட்டியான அட்டையாக ஒன்று எடுத்து, கார்புரேட்டரின் அடியில் வைத்து, உருண்டைத்தலைச் சுத்தியலால் விளிம்பில் தட்டிக்கொண்டே வந்தால் இரும்பின் ஓரமே கத்தியாகி அட்டையை வெட்டிக்கொடுக்கும், கத்தரிக்கோல்கூட வேண்டாம். அத்தனை பதமாக அவர் தட்டுவதைப் பார்க்கப் பையன்கள் சுற்றி நிற்பார்கள். அன்றைக்கும் அப்படித்தான் தட்டினார், மயிலு சாப்பிடக் கூப்பிட்டாள், ரெண்டே நிமிஷம் என்றார். பழைய காலண்டர் அட்டை. காலண்டர் அட்டைதான். சாமி படம் போட்ட காலண்டர், மளிகைக் கடையில் கொடுத்தது, அதன் அட்டை. இதோ இந்த இடத்தில் வந்ததும் அவருக்கு ஒவ்வொரு தரமும் வேறு நினைப்பு வந்துவிடும், பாட்டரி டெர்மினலில் பச்சை பூத்திருப்பது கண்ணில் படும், பாயிண்டை இன்னொரு தரம் அளக்கலாமே என்று தோன்றும். காற்று இழுக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டிய இடம் அந்த அடிப் பேக்கிங். முதல் வருஷப் பையன்கூடச் சொல்லுவான். அவர் ஒரு மாதமாக அங்கே மட்டும் போகவில்லை, தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள், இவருக்கு முதுகு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுகூட மறந்துவிட்டது போலிருக்கிறது. புதுப் பேக்கிங் செட் வாங்கிவைத்து இரண்டு வாரம் ஆகிறது, டாஷ்போர்டு அறைக்குள் உறை பிரிக்காமல் கிடக்கிறது.

வண்டியை ஓட விட்டார். ஆக்சிலேட்டர் கம்பியை இடது கையால் லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்தார். மறுமுனை டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் போனது, அங்கே கடகடவென்று ஒரு சத்தம், வழக்கமானதுதான். கார்புரேட்டரின் மூடிப் பக்கம் போனது, அங்கே காற்று உள்ளே போகிற பெரிய மூச்சு, அதுவும் வழக்கம். பிறகு கை, அவர் சொல்லாமலே, கீழே இறங்கியது. உஸ். மெல்லிய சத்தம், குக்கர் மூடி சரியாக உட்காராதபோது வருகிற சத்தம். குழாயை அகற்றினார், இல்லை. வைத்தார், உஸ். சரி, குழாய் பொய் சொல்லும், தண்ணீர் பொய் சொல்லாது. ஆயில் கேனில் தண்ணீர் நிரப்பி அந்த இணைப்பின்மேல் ஒரு கோடு போலப் பீச்சினார். இத்தனை நாள் விக்கிக்கொண்டிருந்த இஞ்சின் சட்டென்று சீராகிவிட்டது. தண்ணீர் அந்த விரிசலை அடைத்திருந்த மூன்று நான்கு விநாடி, கம்பியை விட்டுவிட்டார், கால் படவில்லை, கை படவில்லை, வண்டி தன்பாட்டுக்கு ஓடியது, அழகாக, பக்கத்து அறையில் ஒருத்தி தூங்குகிற மூச்சு மாதிரி. தண்ணீர் உள்ளே இழுபட்டுத் தீர்ந்ததும் விக்கியது, குலுங்கியது, நின்றது. ஆக, கைப்பிசகுதான். அவர் வெட்டிய பேக்கிங்தான். இது தெரிந்தால் நெஞ்சு வெடித்துவிடும் என்று ஒரு மாதமாக நினைத்திருந்தார், வெடிக்கவில்லை. பதினோராம் நம்பர் ஸ்பேனரை எடுத்தார்.

இரண்டு நட்டையும் கழற்றி, பெட்ரோல் குழாயை உருவி, கார்புரேட்டரை அலுங்காமல் தூக்கி ஒரு துணிமேல் வைத்தார். பேக்கிங் இஞ்சின்மேலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. பெட்ரோலில் ஊறி ஊறிக் கருத்து, ஒரு ஓரத்தில் வாய் பிளந்தது போலக் கிழிந்திருந்தது, காற்று போன வழி. நகத்தால் மெல்ல நெம்பினார், முழுசாக வந்தது. காலண்டர் அட்டை பழுப்பாக இருக்கும். இது நீலம். வெளியே நீட்டிக்கொண்டிருந்த விளிம்பில் இன்னும் வெளிர்நீலம் இருந்தது. திருப்பினார். இரும்பு அழுத்திப் பிடித்திருந்த இடத்தில் எழுத்து இருந்தது, மைப்பேனா எழுத்து, மைப்பேனா எழுத்தைப் பெட்ரோல் ஒன்றும் செய்யாது. ஒரு போல்ட் ஓட்டைக்குப் பக்கத்தில் ‘லாத்தாள்’ என்றும் அதற்குக் கீழே ‘வயது 51’ என்றும் இருந்தது. அதே பக்கத்தில் இன்னொரு ஓரத்தில், நடுத்துளையை ஒட்டி, ‘1 புதன் காலை 9’. ‘மயி’ இருந்த இடத்தில் அவருடைய சுத்தியல் தட்டியிருந்தது. அவர் பார்த்துக்கொண்டே நின்றார். மேசைமேல் இருந்தது. ஆமாம், மேசைமேல்தான் இருந்தது, காலண்டர் அட்டையைத் தேடித்தான் உள்ளே போனார், தலைக்குள் மிதவை மட்டமும் ஜெட்டும் ஓடிக்கொண்டிருந்தன, கை போய்க் கெட்டியாக ஒன்றைத் தொட்டது, வளைத்துப் பார்த்தது, பதமாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டது. கண் பார்க்கவில்லை. கைதான் பார்த்தது. வெட்டி முடித்த மிச்சம் போர்டிகோவில் சிதறிக் கிடந்தது, சாப்பாடு போட்டுவிட்டு மயிலு வந்து விளக்குமாற்றால் கூட்டினாள், வாத்தியார் வேல செஞ்சா ஊரே குப்பை என்று சிரித்துக்கொண்டே அள்ளிக்கொண்டுபோய் வெந்நீர் அடுப்பில் போட்டாள். மறுநாள் காலையிலிருந்து தேட ஆரம்பித்தாள். ஒரு மாதமாக அவர் தன்னைத்தானே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி பத்து நிமிஷத்தைப் பற்றியது. அந்தப் பத்து நிமிஷத்தை டாக்டர் மன்னித்துவிட்டார். அட்டை இல்லாமல் போன பத்து நாளை யார் மன்னிப்பது? அவர் மட்காட்டில் கையை ஊன்றிக்கொண்டார். அழுகை வந்தது, சத்தமில்லாமல் வந்தது, மூக்கிலிருந்தும் கண்ணிலிருந்தும் கார்புரேட்டர்மேல் சொட்டியது, துடைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

‘நின்னுருச்சாங்கப்பா?’ சுகந்தி கையில் காப்பி டம்ளரோடு வாசற்படியில் நின்றாள். போவதற்குக் கிளம்பித் தலை சீவியிருந்தாள், அம்மாவின் பச்சைச் சேலையை உடுத்தியிருந்தாள்.

‘நான்தான் நிறுத்துனேன்.’ அவர் திரும்பவில்லை.

‘என்னன்னு தெரிஞ்சுதுங்களா?’

‘பேக்கிங் போச்சு. காத்து இழுக்குது.’

‘அவ்வளவுதானா? அப்பறம் என்னங்கப்பா. அது பழசானாப் போறதுதான். உங்க மேல தப்பில்லைன்னு நான் சொல்லிட்டேதான இருந்தேன்.’ அவள் குரலில் ஒரு மாதத்துப் பாரம் இறங்கியது அவருக்கே கேட்டது. ‘புதுசப் போட்டுட்டுக் கை கழுவிட்டு வாங்க. உங்க துணியையும் பையில எடுத்து வெச்சுட்டேன்.’

அவர் தலையை ஆட்டினார். ஆட்டினால் போதும் என்றிருந்தது. ஊறிப்போன அட்டை, உள்ளங்கைக்குள் வைத்து இரண்டு தரம் தேய்த்தால் கூழாகிவிடும், துணியில் துடைத்துப் போட்டால் ஆயிற்று, புதுப் பேக்கிங்கைப் போட்டால் வண்டி ஓடும், கரூர் போகலாம், பேரப்பிள்ளைகளைப் பார்க்கலாம், ஒருவருக்கும் தெரியாது. கருமாதிக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லியாயிற்று, அட்டையைத் தொலைச்சுட்டா, இல்லைன்னா புதன்கிழமையே காட்டியிருப்போம் என்று, பந்தலில் உட்கார்ந்து ஒவ்வொருவரிடமும் சொல்லியாயிற்று, சுகந்தியும் சொன்னாள், அம்மாவுக்கு அப்படி ஒரு மறதிங்க என்று அழுதுகொண்டே சொன்னாள். இனி அது அப்படியே இருக்கும். நாளைக்குப் பேரப்பிள்ளைகளிடமும் சொல்லுவாள். மயிலாத்தாள் என்று ஒருத்தி இருந்தாள், அட்டையைத் தொலைத்துவிட்டுச் செத்துப்போனாள். அவளும் அதை நம்பித்தான் போனாள். அவருடைய விரல்கள் ஒரு தரம் மூடின. பிறகு அவர் திரும்பினார்.

‘சுகந்தி. டம்ளரை வெச்சுட்டு இங்க வா.’

அவர் முகத்தைப் பார்த்ததும் அவள் வேகமாக வந்தாள். என்னங்கப்பா, நெஞ்சு வலிக்குதா என்றாள். அவர் உள்ளங்கையை விரித்து நீட்டினார். அவள் அதை இரண்டு விரலால் எடுத்தாள், பெட்ரோல் அவள் மணிக்கட்டில் வழிந்தது. ஒரு புறம் பார்த்தாள், ஒன்றும் விளங்கவில்லை, திருப்பினாள். பாதிப் பெயரை உதடு அசைத்துப் படித்தாள். தேதியைப் படித்தாள். பிறகு அவள் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை, அந்த அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

‘அம்மா தொலைக்கலை சாமி’ என்றார் வெள்ளியங்கிரி. ‘மேசை மேலதான் வெச்சிருந்தா.’